வெளுக்கக் கூடாத அழுக்கு

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு வெளிச்சம் நெளிய ஆரம்பிக்கும். மீன்தொட்டியின் விளக்கு தண்ணீருக்குள் இறங்கி, செடிகளுக்கு நடுவே புகுந்து, பச்சையாகி வெளியே வரும். சாமி படங்களும் மின்சார மீட்டரும் மகளின் கல்யாண போட்டோவும் அந்தப் பச்சையில் மெல்ல அசையும். ஜன்னல் வழியாகக் கிடங்குகளின் சுக்கு வாசனை வரும். அந்த நேரத்தில் உள்ளே வருகிறவர்கள் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். எனக்கு மட்டும் அந்தத் தொட்டியைக் கண்டால் ஆகாது. என் சக்களத்தி என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

நாங்கள் துணி வெளுக்கிறவர்கள். என் வீட்டுக்காரரின் குடும்பம் சில தலைமுறைக்கு முன்பே கொச்சிக்கு வந்து மட்டாஞ்சேரியில் தங்கிவிட்டது. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு முழு ஆள் என்று மகள் கேலி செய்வாள். கொச்சங்காடியில் ஒரு சந்துக்குள் வீடு. கொஞ்சம் நடந்தால் துவைக்கிற களம். ஹோட்டல்களும் ஹோம்ஸ்டேக்களும் அனுப்புகிற வெள்ளை விரிப்புகளுக்குக் குறைவே இல்லை. களத்தில் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருப்போம். முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் விழாது. நல்ல வெயில் நாளில் நடுவே நின்றால் நாலா பக்கமும் வெள்ளைதான் தெரியும். எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் கடல் என்றே மறந்துபோகும்.

அவருடைய கல் என் கல்லுக்குப் பக்கத்தில். நான் அடித்துத் துவைக்கிறவள். ஒரு கறை கண்ணில் பட்டுவிட்டால் அது போகிற வரை எனக்கு வேறு நினைப்பே ஓடாது. அவர் அப்படியில்லை. ஒரு துணி எவ்வளவு தாங்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். நான் தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் பக்கத்திலிருந்து குரல் வரும். "போதும்டி. அழுக்கு எப்பவோ போயாச்சு. இப்ப நீ நூலைக் கழுவிட்டிருக்கே." நாள் முழுக்க இந்தப் பாட்டுதான். போதும்டி, போதும்டி. கேட்டுக் கேட்டு என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். உங்கள் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கப்போகிறேன் என்று பதிலுக்கு நானும் சொல்லாமல் விட்டதில்லை.

அந்தத் தொட்டியும் துணி வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. நாங்கள் விரிப்பு வெளுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு ஹோம்ஸ்டேயைக் காலி செய்தார்கள். அதன் முதலாளி, "சேட்டா, நீ கொண்டுபோய்க்கோ, எனக்கு இனி வேண்டா" என்று வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டியைச் செடிகளோடும் மீன்களோடும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். இவர் அதைச் சரக்கு ஆட்டோவில் அழுக்கு விரிப்புகளால் சுற்றி, பச்சைக் குழந்தையைக் கூட்டிவருகிற மாதிரி கூட்டிவந்தார். மீன்கள் தனியாக ஒரு பக்கெட்டில், அவர் மடியில்.

அதற்குப் பிறகு சாயங்காலமெல்லாம் அதன் முன்னால்தான். பிளக்கைக் கழற்றி ஆணியில் மாட்டாமல் தண்ணீருக்குள் கையை விடமாட்டார். செடிகளுக்கு ஏதோ வாயு வேண்டுமாம். ஒரு பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து வைத்து, அதில் ஊறி வருவதை மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்குள் விடுவார். குழாயின் நுனியில் ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு. அதன் வழியாக வாயு பொடிப் பொடிக் குமிழாகி மேலே போகும். "சாயாவுக்குச் சர்க்கரை இல்ல, செடிக்கு மட்டும் உண்டு" என்று நான் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பேன். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். தொட்டிக்குக் கீழே ஒரு டப்பாவுக்குள் ஃபில்டர் இருந்தது. வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று தொட்டித் தண்ணீரை அதற்குள் இழுக்கும். இன்னொன்று சுத்தமான தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்து ஊற்றும். அந்த ஊற்றுகிற சத்தத்தைக் கேட்டபடியே கட்டிலில் சாய்ந்து தூங்கிப்போவார். தூக்கத்திலும் முகம் தொட்டிப் பக்கமே இருக்கும்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலையில், களத்தில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். கையிலிருந்த விரிப்பு காற்றில் ஒருமுறை எழும்பி, மெதுவாக அவர் மேல் இறங்கியது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். "எந்திரிங்க, விரிப்பு அழுக்காவுது" என்றுகூடச் சொன்னேன். துணியை விலக்கிப் பார்த்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கண் மட்டும் என்னையே பார்த்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது உயிர் இருந்தது, நினைவு இருந்தது. வலது கையும் காலும் பாதி இருந்தன. பேச்சு இல்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பார். காற்று மட்டும் வரும். கொஞ்சம் முயற்சி செய்துவிட்டு, வெட்கப்பட்டவர் மாதிரி மூடிக்கொள்வார். பூட்டு என்று சொன்ன என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். என் மகள் வயசுதான் இருக்கும். மலையாளமும் தமிழுமாகக் கலந்து எனக்குச் சொன்னாள். "சேச்சி, பேசு பேசுன்னு நிர்பந்திக்க வேண்டா. யோசிச்சுப் பேசுற பேச்சு வர நேரம் எடுக்கும். வாய்க்குப் பழகினது சிலப்போ தானா சாடி வரும். ஆனா அவருக்குப் பேசணும்னு ஒரு ஆசை வேணும். எதை இஷ்டமோ அதைக் கண்ணு முன்னால வைங்க." பேச்சு திரும்பாமலே போய்விடுமா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

அவருக்கு இஷ்டமானது எது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கட்டிலை இழுத்துச் சக்களத்திக்கு எதிரே போட்டேன். காலையில் கண் விழித்ததும் விளக்கைப் போட்டுவிடுவேன். படுக்கப் போகும்போதுதான் அணைப்பேன். பார்க்கட்டும், கண் நிறையப் பார்க்கட்டும் என்றிருந்தது.

வாய்க்குப் பழகினது என்றாளே, அதையும் விடவில்லை. விரிப்புகளை மடிக்கும்போது எண்ணுவது அவர் வேலை. எண்ணுவது மட்டும் மலையாளத்தில், வைவது தமிழில். நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தபடி, "ஒந்நு, ரண்டு, மூந்நு" என்று மலையாளத்தில் எண்ணுவேன். நடுவில் வேண்டுமென்றே ஒரு எண்ணை விழுங்கிவிடுவேன். முன்பெல்லாம் எண்ணிக்கை தப்பினால் பாய்ந்து வந்து திருத்துகிறவர். இப்போது புருவம் மட்டும் லேசாக உயரும். அவ்வளவுதான். நான் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

மழை பிடித்தது. வேலை குறைந்தது. மத்தியானங்களில் நானும் அவர் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துவிடுவேன். ஓட்டின் மேல் மழை, தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம், சுவரெல்லாம் பச்சை. அரைத் தூக்கத்தில் அந்த அறை தொட்டிக்கு வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று தெரியாது. களத்து விரிப்புகள் எல்லாம் தண்ணீருக்குள் கயிற்றில் தொங்குகிற மாதிரியும், அவற்றுக்கு நடுவே அவர் பேசிக்கொண்டே நடந்து போகிற மாதிரியும் வரும். என்ன பேசினார் என்பது விழித்ததும் மறந்துவிடும். அதுதான் ஆற்றாமை. கனவில்கூட ஒரு வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வரத் தெரியவில்லையே என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

நாள் போகப் போக அந்தப் பச்சை கெட்டியானது. முதலில் செடிதான் செழிக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் கண்ணாடியில் பாசி படர்ந்திருப்பது தெரிந்தது. வளைந்த குழாய்களுக்குள் பழுப்பு மயிர் மாதிரி ஏதோ வளர்ந்து ஆடியது. குமிழ் விடுகிற சில்லு மூடிப்போய், குமிழே வரவில்லை. மீன்கள் எங்கோ திரைக்கு அப்பால் நிழலாகப் போயின. ஒருநாள் காலையில் நான் விளக்கைப் போட்டதும் அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, சிரமப்பட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று கஞ்சி இறங்கவில்லை. மறுநாள் பயிற்சிக்கு வாயைத் திறக்கவும் இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால் பேச்சு எங்கிருந்து வரும்? சரி, சக்களத்தியைக் குளிப்பாட்ட வேண்டியதுதான் என்று புடவையைத் தூக்கிச் செருகினேன்.

எனக்கு அந்த வேலை ஒன்றும் புதிதில்லை. அவர் அந்தக் குழாய்களை என் ப்ளீச்சில் ஊறவைப்பதைத் திட்டிக்கொண்டேதான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் பார்த்திருக்கிறேன். முதலில் பிளக்கைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். குழாய்களையும் சில்லையும் கழற்றி எடுத்துக்கொண்டு கதவு ஜன்னலெல்லாம் திறந்துவைத்தேன். பெரிய பக்கெட் தண்ணீரில் கொஞ்சமாக ப்ளீச் விட்டேன். அளவு எனக்கு மூக்குதான் சொல்லும், அதிகமானால் கண்ணைக் கரிக்கும். பக்கத்தில் வினிகர் பாட்டில் இருந்தது, கறை எடுக்க வைத்திருப்பது. அதை முதலில் எடுத்துப் பரணில் வைத்தேன். இரண்டும் ஒரே பக்கெட்டில் சேர்ந்தால் எழும்புகிற புகை நெஞ்சை அடைத்துவிடும் என்பது எங்கள் களத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பாசி மெல்ல நிறம் விட்டது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் வெளிறி, கடைசியில் நைந்த நூலாகத் தண்ணீரில் மிதந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. வளைவுக்குள் பிரஷ் போகவில்லை. யோசித்தேன். பாவாடைக்கு நாடா கோப்போமே, அதே மாதிரி ஒரு ஊக்கை நூலில் கட்டி குழாய்க்குள் விட்டு, மறுமுனையில் துணித்துண்டை முடிந்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த அழுக்கெல்லாம் அதோடு வந்தது. சில்லை மட்டும் தேய்க்கவில்லை. அதன் துளைகள் கண்ணுக்குத் தெரியாதவை, தேய்த்தால் அடைந்துபோகும் என்று அவர் ஊறவைத்து மட்டும் எடுப்பார். நானும் அப்படியே செய்தேன்.

பிறகு அலசல். அலசுவது என்றால் சும்மாவா? ப்ளீச் மிச்சமிருந்தால் விரல்களை உரசும்போது வழவழக்கும். அந்த வழவழப்பு போகிற வரைக்கும் அலசினேன். அதற்குமேல், குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்க அவர் வைத்திருந்த சொட்டு மருந்தை ஒரு பேசினில் விட்டு அதில் ஊறப்போட்டேன். மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. வெயில் தலைகாட்டிய நேரத்தில் துண்டின் மேல் காயவைத்துத் திரும்ப மாட்டினேன். தொட்டிக் கண்ணாடியில் இருந்த பாசியை மட்டும், ப்ளீச் கிட்டவே கொண்டுபோகாமல், பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்தெடுத்தேன்.

கையைத் துடைத்துவிட்டு பிளக்கைச் செருகினேன். குழாய் ஒருமுறை செருமியது, பிறகு தண்ணீர் விழுந்தது. சில்லிலிருந்து பொடிக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. நீலக்கோடு போட்ட நியான் மீன்கள் விளக்கடியில் ஒன்றாகத் திரும்பின. நான் தொட்டியைப் பார்க்கவில்லை, கட்டிலைத்தான் பார்த்தேன். சத்தம் கேட்டதும் அவர் தோள் அசைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார். பச்சை வெளிச்சம் நெற்றியில் விழுந்தது. உதட்டின் நல்ல பக்கம் சிரித்தது.

அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அடுத்த வாரம் தண்ணீர் விழுகிற வேகம் குறைந்த மாதிரி இருந்தது. ஃபில்டர் டப்பாவை நான் அதுவரை திறந்ததில்லை. நாற்றம் என்று நான் கத்துவேன் என்பதால் அவர் எப்போதும் அதைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் ஏதோ செய்துவிட்டு வருவார். நான் முன்னறையிலேயே, அவர் கண்ணெதிரே திறந்தேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்சு கறுப்பும் பழுப்புமாகக் கொழகொழத்துக்கிடந்தது. அதற்கடியில் பீங்கான் வளையங்கள், அவையும் சேறு பூசி இருந்தன. என் கை பரபரத்தது. இப்படி ஒரு அழுக்கை வயிற்றில் வைத்துக்கொண்டா இவள் வெளியே மினுக்கிக்கொண்டிருக்கிறாள்?

ஸ்பாஞ்சையும் வளையங்களையும் பேசினில் அள்ளிக்கொண்டு ப்ளீச் பாட்டிலை எடுத்தேன். கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "ம்... ஆ... ஆ..." இடது கையால் சட்டத்தைத் தட்டினார்.

"என்னங்க, சாயா வேணுமா?"

மறுபடி தட்டினார்.

"ஒண்ணுக்கு வருதா?"

தட்டுவது நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். சரி, தூக்கம் வருகிறது என்று நினைத்தேன். என்ன புத்தி என் புத்தி.

களத்துக்கே கொண்டுபோய் வெளுத்தேன். வளையங்கள் பல் மாதிரி வெளுத்தன. ஸ்பாஞ்சு அதன் சொந்த நிறமான இளநீலத்துக்குத் திரும்பியது. முறுக்குக் கயிற்றில் ஹோட்டல் விரிப்புகளுக்கு நடுவே அதன் நுனியைச் செருகிக் காயப்போட்டேன். மறுபக்கத்துக் கல்லில் துவைக்கிறவள், "அதாரு, புதுக் கஸ்டமரா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நாள் முழுக்க வெயில். வீட்டுக்கு வந்து அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். "பாருங்க, உங்க பொண்டாட்டி கை." அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் ஓடியது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நான் அதைத் துடைத்துவிட்டேன்.

இரண்டொரு நாளில் தொட்டித் தண்ணீர் கஞ்சி கலந்த மாதிரி வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அந்தப் பக்கம் மீன்கள், இந்தப் பக்கம் அவர். இரண்டு பேர் வாயும் திறந்து மூடியது, இரண்டு பேரிடமிருந்தும் சத்தம் இல்லை. நடுவில் நான். காலையில் ஒரு கப்பி மீன் வயிறு மேலாக மிதந்தது. மத்தியானம் இன்னொன்று. அவர் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, அவர் வழக்கமாகப் போகிற மீன்கடைக்கு ஓடினேன். வளர்க்கிற மீன் விற்கிற சின்னக் கடை. கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"சேட்டனுக்கு எப்படி உண்டு, சேச்சி?"

"அவர் இருக்கார். மீன் சாகுது." மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஃபில்டர் ஸ்பாஞ்சை என்ன செஞ்சீங்க?"

"துவைச்சேன்."

"எதில?"

"ப்ளீச்சில. வெயிலும் காட்டினேன். பளிச்சுனு ஆயிருச்சு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "என்டெ சேச்சி, குழாயை, சில்லை எல்லாம் நீங்க ப்ளீச்சில முக்கலாம், நல்லா அலசினாப் போதும். ஸ்பாஞ்சு அப்படியில்ல. அதுல இருக்குறது அழுக்கு மட்டுமில்ல, உயிரு. கண்ணுக்குத் தெரியாத கோடி உயிரு. மீனோட கழிவு விஷமாகாம அதைத் தின்னு தீர்க்குறதே அதுங்கதான். மொத்தத்தையும் கொன்னு வெயில்ல காயப்போட்டுட்டீங்க." குழாய்த் தண்ணீரில் கழுவினால்கூட குளோரின் அவற்றைக் கொன்றுவிடுமாம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே மெதுவாக இரண்டு பிழி பிழிந்து, பாதி அழுக்கோடு திரும்ப வைக்க வேண்டுமாம். விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று கேட்டார். நாள் முழுக்க என்றேன். அதனால்தான் அவ்வளவு பாசி என்றார்.

 என் வீட்டுக்காரருக்காக எரியவிட்ட விளக்கு பாசியைக் கொண்டுவந்திருக்கிறது. அவருக்காக வெளுத்த வெளுப்பு மீனைக் கொன்றிருக்கிறது. கட்டிலைத் தட்டித் தட்டி அவர் சொன்னதும் இதைத்தான்.

கடைக்காரர் தன் கடைத் தொட்டி ஒன்றின் ஃபில்டரைத் திறந்து, கறுத்துப்போன ஒரு ஸ்பாஞ்சை எடுத்து, தொட்டித் தண்ணீரோடு ஒரு கவரில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். உங்களுடையதுக்குப் பக்கத்தில் இதையும் வைத்துவிடுங்கள், மெல்லப் பெருகும், தினம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள் என்றார். அதை மாரோடு அணைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தேன். வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டு அழுக்கை வாங்கி வெளுத்துக் கொடுத்தவள், அன்று அழுக்கைக் கேட்டு வாங்கி, ஒரு சொட்டு சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழியில் மழை பிடித்தது. கவருக்குத்தான் குடை பிடித்தேன்.

வந்ததும் அவர் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கவரைக் காட்டினேன். "தெரியாமப் பண்ணிட்டேங்க. இந்தாங்க, அழுக்கு கொண்டாந்திருக்கேன்." அவர் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல கையை நீட்டி என் ஈரத்தலையைத் தொட்டார். நான் அழுதுவிட்டேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

தொட்டி சீக்கிரத்தில் தெளியவில்லை. தினமும் தண்ணீரை மருந்து விட்டு வைத்து, கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் ஊற்றினேன். விளக்கு மத்தியானம் மட்டும்தான். அந்தச் சில மணி நேரத்தைத் தவிர அறை சாம்பல் நிறத்தில் தூங்கிக் கிடந்தது. நானும் மெதுவாக வேலை செய்யப் பழகினேன். மகள் ஞாயிற்றுக்கிழமை ஆலுவாவிலிருந்து வந்தவள், "அம்மே, நீங்க ஒரு சாதனத்தைக் கழுவாம வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் விளக்கைப் போட்டபோது தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிந்திருந்தது. மீதமிருந்த மீன்கள் காற்றில் நீந்துகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் எதிர்பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தேன். இருக்கிறாரே, அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்தான். அவர் குரலுக்காக நான் ஏங்கிய ஏக்கம் எனக்குத்தான் தெரியும். களத்தில் கல்லில் துணியைத் தேய்க்கும்போது, பக்கத்தில் காலியாகக் கிடந்த கல்லுக்குக் காது கொடுத்தபடியே தேய்ப்பேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த மாசம் இரண்டு தலையணை உறை கிழிந்தது.

மழை விட்டு, வெயில் வெளுப்பாக அடிக்கத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம். தண்ணீர் விழுகிற சத்தம் தேய்ந்துவிட்டது. ஸ்பாஞ்சைப் பார்க்கிற நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. பிளக்கைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். தொட்டித் தண்ணீரையே பேசினில் எடுத்துக்கொண்டு, அவர் பார்க்க விளக்கை மட்டும் திரும்பப் போட்டுவிட்டு, கட்டிலிலிருந்து தெரிகிற மாதிரி அடுக்களை வாசல் குழாயடியில் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்தபோது ஸ்பாஞ்சு நல்ல கறுப்பாக, கொழகொழவென்று, உயிரோடு இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு பிழி பிழிந்தேன். தண்ணீர் சாயா நிறமானது. இன்னொரு பிழி. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். சுவரில் பச்சை அசைந்துகொண்டிருந்தது, மனசு எங்கேயோ போய்விட்டது. கை மட்டும் தன் வேலையைத் தொடர்ந்தது. பிழிந்தது, கசக்கியது, திருப்பிப் பிழிந்தது. ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு போகவில்லை. கை தானாக எழுந்து குழாயைத் திறந்தது.

"போதும்."

வெளியே யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். கரகரப்பான, ஈரமான, பாதி உடைந்த குரல். திரும்பினேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாதி எழும்பியிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கோபத்தில் முகம் சிவந்திருந்தது. பழைய, அசல் கோபம். தன் வாயிலிருந்து வந்தது எது என்று அவருக்கே இன்னும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. என் கையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

 ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. ஆனால் கட்டிக்கொண்டால் கோபம் போய்விடும். கோபம் போனால் அதோடு பேச்சும் போய்விட்டால்? கண்ணீர் கன்னத்தில் இறங்குவது தெரியாமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்சைத் தண்ணீரில் படாமல், ஆனால் படப்போகிற மாதிரி, அதன் கிட்டே கொண்டுபோனேன். அவருக்கு ஆத்திரம் வரட்டும் என்று, குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் அழுக்கு இருக்குங்க."

"போதும்டி!"

அதற்குப் பிறகுதான் குழாயை மூடினேன்.